எள்ளுவுக்கு ஒரு வீடு

செப்டம்பர் 22, 2024, ஞாயிறு

நாய்க்குட்டி எள்ளுவுக்கு ஒரு வீடு தேடி, அவள் படத்தை இன்று காலை போட்டுவிட்டேன். கறுப்பு, பெண், நான்கரை மாதம் இருக்கும் (வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் பல்லைப் பார்த்துச் சொன்ன கணக்கு). கூட்டு ஊசி, பூஸ்டர், ரேபிஸ் எல்லாம் போட்டாச்சு. பெரும்பாக்கம் பக்கம் கட்டட வேலை நடக்கிற இடத்தில் செங்கல் அடுக்குக்குப் பின்னால் கிடந்தவள். கூடப் பிறந்தது பார்வோ வைரஸ் நோயில் போய்விட்டது, இவள் எப்படியோ தப்பினாள்.

மதியத்துக்குள் போன் வர ஆரம்பித்தது. எல்லாருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: ஆணா, பொட்டையா? பொட்டை என்றதும் "அய்யோ, குட்டி போடுமே". ஆறு மாதம் ஆனதும் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் போடாது, அந்தச் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் வைத்துவிடுகிறார்கள். ஒருத்தர் "லேப் வந்தா சொல்லுங்க" என்றார். என் நம்பரைக் கடை நம்பர் மாதிரி சேமித்து வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 25, புதன்

கறுப்பு நாய்க்கு ஊரில் கிராக்கியே இல்லை என்று இனிமேல் யாரும் சொல்லக் கூடாது. இன்று ஒரு பெரியவர் மிக மரியாதையாகப் பேசினார். வீட்டில் மகனுக்கு ஏழரை, கறுப்பு நாய் வளர்த்தால் வேகம் குறையும் என்று ஜோசியர் சொன்னாராம். பெயர் எள்ளு என்றதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சனி பகவானுக்கு உகந்த பெயர் என்றார். ஏழரை முடிந்த பிறகு அவளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அது அப்புறம் பாத்துக்கலாம்மா."

பார்த்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தெருவில் இருக்கிற கறுப்பு நாய்க்குத் தினமும் சோறு வையுங்கள், அதற்கும் பலன் உண்டு என்றேன். எனக்கு ஜோசியம் தெரியாது, ஆனால் ஒரு நாயாவது சாப்பிடும்.

இன்னொருவருக்கு மதுராந்தகம் பக்கம் தோப்பு. காவலுக்கு வேண்டும், பகலில் கட்டிப்போட்டு ராத்திரி அவிழ்த்துவிடுவார்களாம். அங்கே யார் தங்குகிறார்கள் என்றால் யாருமில்லை, ஆள் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து போவார். வேண்டாம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

முதல் வீடு பார்த்தாச்சு. நங்கநல்லூர், சொந்த வீடு, பெரிய கேட், அன்பான அப்பா, பத்து வயதுப் பையன். தீபாவளிக்கு முன்னால் அவனுக்குப் பிறந்தநாள் வருகிறது, பரிசாகக் கொடுக்க வேண்டுமாம். "அவனே எல்லாம் பாத்துப்பான், பொறுப்பு வரும்ல." காலை ஏழரைக்கு ஸ்கூல் பஸ் ஏறி சாயங்காலம் டியூஷன் முடிந்து ஏழு மணிக்கு வருகிற பையன். அப்பா அம்மா இருவருக்கும் வேலை. அப்படியானால் பகல் முழுக்க எள்ளுவோடு இருக்கப்போவது ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த பாட்டிதான். அவரிடம் யாரும் கேட்டதாகவே தெரியவில்லை. நான் கேட்டேன். "இவங்க சொன்னா சரி" என்று காலை ஊஞ்சல் மேலே தூக்கி வைத்துக்கொண்டார். எள்ளு அப்போது என் மடியில்தான் இருந்தாள், தரையில்கூட விடவில்லை.

அந்தக் காலைப் பார்த்த பிறகு பேச என்ன இருக்கிறது. குட்டி கடிக்கிற வயசு, பல் விழுந்து முளைக்கிற நேரம், புடவை முந்தானையை இழுக்கும், ஒரு மாதத்தில் மொட்டை மாடிக்குப் போகும், அப்புறம் எனக்கு போன் வரும். பையனுக்குத்தான் முகம் வாடிவிட்டது, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

துரைப்பாக்கத்தில் ஒரு ஜோடி, இருவரும் ஐடி, ரொம்ப நல்ல பிள்ளைகள். இன்றைக்குப் பார்த்து மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி. வேளச்சேரி ஸ்டேஷனில் தலைதான் தெரிந்தது, தரை தெரியவில்லை. பேசாமல் ஸ்கூட்டரில் போனேன்.

வீடு வாடகை. பதினோரு மாத ஒப்பந்தம், ஓனரிடம் இன்னும் கேட்கவில்லை. மே மாதம் ஆயிரம் விளக்கு பூங்காவில் ராட்வைலர்கள் ஒரு சின்னப் பெண்ணைக் கடித்த பிறகு அவர்கள் குடியிருப்பு சங்கத்தில் நாய் என்றாலே முறைக்கிறார்களாம். நாய் வளர்க்கக் கூடாது என்று எந்தச் சங்கமும் தடை போட முடியாது, விலங்குகள் நல வாரியம் 2015லேயே அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, அந்தத் தாளை வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன். ஆனால் அந்தத் தாள் சங்கத்துக்குத்தான் பதில் சொல்லும். வாடகையை ஏற்றி ஆளைக் கிளப்ப நினைக்கிற ஓனரிடம் அது என்ன செய்யும்? வீடு மாறும்போது முதலில் வெளியே நிற்பது நாய்தான், நிறையப் பார்த்தாச்சு. ஓனரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி வந்தேன். அந்தப் பெண் கோபப்படாமல் சரி என்றாள். அது பிடித்திருந்தது.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள், 2015 வெள்ளம் யாருக்கும் மறக்கவில்லை. எள்ளு இடி இடித்தால் பீரோவுக்குப் பின்னால் போய்விடுகிறாள், எங்கள் கிழட்டு நாய் மணி குறட்டை விடுகிறான்.

இந்த மழையில் ஒரு போன். சிட்லபாக்கத்தில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா. படம் அழகாக இருக்கிறது, சோ ஸ்வீட், அதெல்லாம் இல்லை. என்ன சாப்பிடுவாள், எதற்குப் பயப்படுவாள், ஆபரேஷனுக்கு அப்புறம் எத்தனை நாள் தையலை நக்காமல் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனார். பதினாலு வருஷம் இருந்த நாய் மார்ச்சில் போய்விட்டதாம். கடைசியில், "இப்ப வேண்டாம்மா. தீபாவளி கழிச்சுக் குடு. புது எடத்துல வெடிச் சத்தம் கேட்டா ஓடிப்போயிடும்."

இதுவரை பேசின எல்லாரும் தீபாவளிக்கு முன்னால் வேண்டும் என்றுதான் அவசரப்பட்டார்கள்.

அக்டோபர் 20, ஞாயிறு

சிட்லபாக்கம் போனேன். கேட்டுக்கு அடியில் ஒரு பூனை தாராளமாக நுழையும் இடைவெளி, எள்ளுவும் நுழைவாள். நான் சொல்வதற்கு முன்பே அக்கா காட்டி, வலை அடிக்க ஆள் சொல்லியிருப்பதாகச் சொன்னார். பழைய நாயின் ஊசி அட்டையை எடுத்து வந்தார், வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறது. காலேஜ் படிக்கிற மகன் வெளிப்படையாகச் சொன்னான், "எனக்கு லேப்ரடார்தான் ஆசை. அம்மாதான் நாட்டு நாயே போதும்கிறாங்க." பொய் சொல்லாதவன் பரவாயில்லை. எள்ளு அவன் செருப்பை எடுத்துக்கொண்டு மிஷினுக்கு அடியில் போனாள், அவனே தவழ்ந்து போய் வாங்கினான்.

எனக்குக் கொஞ்சம் யோசனை ஊசிகள்தான். கீழே விழுகிற குண்டூசி, நூல், பட்டன், இதெல்லாம் வயிற்றுக்குள் போனால் ஆபரேஷன் வரை இழுத்துவிடும். சொன்னதும் அக்கா, கடை நேரத்தில் முன்னறைக்குக் குறுக்கே மரத் தட்டி வைப்பேன், முன்பும் அப்படித்தான் என்றார். "ஒரு வாரம் வெச்சுப் பாக்கறேன். சரிப்படலன்னா உன்கிட்டதான் கொண்டாந்து விடுவேன், தெருவுல விட மாட்டேன்."

இந்த வாக்கியத்தை நான் படிவத்தில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குகிறேன். தானாகச் சொன்னவர் இவர்தான்.

அக்டோபர் 31, வியாழன்

வெடி வெடிக்க அரசு கொடுத்தது காலை ஆறு முதல் ஏழு, ராத்திரி ஏழு முதல் எட்டு. எங்கள் தெரு அந்த உத்தரவைப் படிக்கவில்லை. ஜன்னலை மூடி, ஃபேனை வேகமாக வைத்து, பாத்ரூமில் எள்ளுவோடு உட்கார்ந்திருக்கிறேன். அக்கா போன் செய்து, "சாப்ட்டாளா?" என்றார். இல்லை என்றேன். "பத்து மணிக்கு மேல தயிர் சோறு வை, தின்னும்." தின்றாள்.

நவம்பர் 3, ஞாயிறு

கொண்டுபோய் விட்டாச்சு. ஊசி அட்டை, பூச்சி மருந்து தேதி, துவைக்காத போர்வை (வாசனைக்காக), கூடாதவை பட்டியல்: வேகவைத்த எலும்பு, வெங்காயம், சாக்லேட், திராட்சை. முதல் சில நாள் கழுத்துப் பட்டையோடு உடம்புப் பட்டையும் போட்டு, ரெண்டுக்கும் தனித்தனி வார் மாட்டித்தான் வெளியே கூட்டிப் போகணும், கேட் திறந்திருக்கும்போது அவிழ்க்கவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பயந்த குட்டி ஓடுவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். அழவில்லை என்று எழுத ஆசை.

நவம்பர் 10, ஞாயிறு

முதல் ராத்திரி சாப்பிடவில்லை, மறுநாள் ஹாலில் மூத்திரம், புதன்கிழமை ஒரு இன்ச் டேப்பைக் கடித்துத் துண்டாக்கியிருக்கிறாள். இதை எல்லாம் புகாராக இல்லாமல் செய்தியாகச் சொல்கிறார்கள். இன்று படிவத்தில் கையெழுத்து போட்டார்கள். டிசம்பரில் ஆபரேஷன், மழை விட்டால்.

துரைப்பாக்கத்துப் பெண் ஓனரின் கடிதத்தோடு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள், எள்ளு இருக்கிறாளா என்று. இல்லை, ஆனால் பள்ளிக்கரணையில் தோழி வீட்டில் ஒரு பழுப்பு நிறக் குட்டி இருக்கிறான், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும், மூன்றாவது ஊசி பாக்கி. சனிக்கிழமை பார்க்க வருகிறார்கள். சங்கத்துக்குக் காட்ட அந்த வாரியத் தாளையும் கொண்டுபோக வேண்டும்.