கம்பியூட்டர் கேசிங் வாங்கப் போறீங்களா? கண்ணாடிக்கு முதல் விளிம்பைப் பாருங்கள்

கடையில் நிற விளக்குகளோடு ஃபேன் சுழலும்போது எல்லாக் கேசிங்கும் அழகுதான். ஏசி அறைக்குள் வைப்பவருக்கு அந்த அழகு போதும். ஆனால் எங்கள் திருகோணமலை நகரத்தில் ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் டச் பே கடல். வாடைக் காலத்தில் யன்னலால் வருவது உப்பு, கச்சான் அடிக்கும்போது வருவது சூடும் புழுதியும். இந்த இரண்டையும் தாங்குமா என்றுதான் வெளிப்புறத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில் விளிம்பு. கேசிங் தகடு பெரும்பாலும் நாகம் (சிங்க்) பூசிய உருக்கு. பூசிய தகட்டை வெட்டித்தான் துண்டுகளை எடுக்கிறார்கள். ஆகவே வெட்டுவாயில் நாகம் இல்லை. மேலே அடிக்கும் பவுடர் கோட்டிங்கும் கூர்மையான ஓரத்தில் மெலிந்துவிடும். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால், படிந்திருக்கும் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். எங்கள் ஊர் இரவுகளில் அது சாதாரணம். கறள் தொடங்குவதும் வெட்டிய ஓரங்களில்தான்: கார்ட் பொருத்தும் பின்பக்க ஸ்லொட் மூடிகள், ஸ்குறூ துளைகள், பவர் சப்ளை பொருத்தும் வாயின் ஓரம். பக்க மூடியைக் கழற்றித் தரச் சொல்லி, ஸ்லொட் ஓரத்தில் விரல் நுனியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கீறினால் பிசிறு எடுக்கவில்லை. பிசிறுள்ள ஓரத்தில் பெயின்ற் நிலைக்காது. உட்பக்கத்துக்குப் பெயின்றே அடிக்காமல் வெறும் சாம்பல் தகடாக விட்டிருந்தால் அந்தக் கேசிங் எங்களுக்குச் சரிவராது.

தகட்டின் தடிப்பு மலிவானவற்றில் 0.5 மில்லிமீற்றர் அளவில் இருக்கும், நல்லவற்றில் 0.7, 0.8. அளக்கக் கருவி வேண்டியதில்லை. உருக்கு மூடியின் நடுவில் பெருவிரலால் அழுத்துங்கள், 'டப்' என்று உள்ளே போய் வந்தால் மெல்லியது. பிறகு அது ஃபேனோடு சேர்ந்து அதிரும். தூக்கிப் பார்த்துப் பாரத்தை மட்டும் நம்பவேண்டாம்: 4 மில்லிமீற்றர் கண்ணாடி சதுர மீற்றருக்கு 10 கிலோ, பக்கக் கண்ணாடி ஒன்றே ஒன்றரைக் கிலோ வரும்.

அடுத்தது முகப்பு. என்னைக் கேட்டால், முகப்பு முழுக்கக் கண்ணாடியாக உள்ள கேசிங்கை இந்த ஊரில் இலவசமாகத் தந்தாலும் யோசிக்க வேண்டும். அறையே 33 பாகையில் இருக்கும்போது கேசிங்கின் உள்ளே அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். அந்த இடைவெளியைக் குறைக்க ஒரே வழி காற்றை விடுவது. கண்ணாடி முகப்பில் காற்று ஓரப் பிளவுகளால் மட்டும் வர வேண்டும். ‘மெஷ்’ (துளை வலை) என்று எழுதியிருந்தாலும் உடனே நம்பாதீர்கள். துளைகளுக்குப் பின்னால் பிளாஸ்ரிக் பலகை வைத்து அடைத்த மொடல்கள் உண்டு. மூடியைக் கழற்றி உள்ளிருந்து கைபேசி ரோர்ச்சை அடியுங்கள். வெளிச்சம் பரவலாக வெளியே தெரிந்தால் காற்றும் வரும்.

மெஷ்ஷுக்குப் பின்னால் புழுதி தடுக்கும் நைலோன் ஃபில்டர் இருக்கிறதா, அதை எப்படிக் கழற்றுவது என்று செய்து காட்டச் சொல்லுங்கள். முகப்பை முழுவதுமாக இழுத்தால்தான் ஃபில்டர் வரும், யூஎஸ்பி வயர்களும் அந்த முகப்போடே தொங்குகின்றன என்றால், கச்சான் காலத்தில் கழுவக் கழற்றும் ஒவ்வொரு முறையும் வயர் இழுபடும். போர்ட்கள் உடற்சட்டத்திலேயே பொருத்தப்பட்டவை நல்லது. கழுவிய ஃபில்டரை நிழலில் முற்றாகக் காயவிட்டுத்தான் திரும்பப் போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் நாமே உள்ளே ஈரத்தை ஊதிவிடுகிறோம்.

பின்பக்கத்தைப் பலர் பார்ப்பதேயில்லை. மலிவான கேசிங்கில் ஸ்லொட் மூடிகள் முறித்து எடுக்கும் வகை. ஒருமுறை முறித்தால் திரும்பப் பூட்ட முடியாது. அந்தத் துளையால் எறும்பும் பல்லியும் போகும். பவர் சப்ளைக்குள் பல்லி கருகிச் செத்தால் உத்தரவாதத்தில் மாற்றித் தரும் கடையைக் காண்பது கஷ்டம். ஸ்குறூ போட்டுப் பூட்டும் மூடி உள்ளதை எடுங்கள், பாவிக்காத மூடிகளை எறியாமல் வையுங்கள்.

மேல்தட்டு திறந்த மெஷ் என்றால் காந்தத்தால் ஒட்டும் ஃபில்டர் கட்டாயம். மேல்நோக்கி இருக்கும் யூஎஸ்பி வாய்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள். பவர் சப்ளை கீழிருந்து காற்றை இழுப்பதால் கால்களின் உயரம் 15 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது.

பக்கக் கண்ணாடி ஆசைதான் என்றால் எடுங்கள், ஆனால் கழற்றியதும் டைல்ஸ் தரையில் ஓரத்தால் நிறுத்தாதீர்கள். டெம்பர்ட் கண்ணாடியின் முகம் பலம், மூலை பலவீனம். டைல்ஸில் மூலை இலேசாகத் தட்டினாலே முழுவதும் நொறுங்கும். மெத்தையில் கிடத்துங்கள். காசு இறுக்கம் என்றால் உருக்கு மூடியோடு எடுத்து, மிச்சக் காசுக்கு 140 மில்லிமீற்றர் ஃபேன் இரண்டு வாங்கலாம்.

காசு கொடுக்க முதல் வீட்டுக் கம்பியூட்டர் மேசையின் தட்டையும் அளந்துகொண்டு போங்கள். மிட் டவர் (நடுத்தர அளவுக் கேசிங்) 200 முதல் 230 மில்லிமீற்றர் அகலம், 450க்கு மேல் உயரம் வரும். பின்னால் சுவருக்கு ஒரு சாண் இடமும் விட வேண்டும். பழைய மேசைகளில் கதவு போட்ட சிபியு பெட்டி இருந்தால் அந்தக் கதவையும் பின்பலகையையும் கழற்றிவிடுங்கள்.