பட்டாசுப் பை

எங்கள் ஊர் கம்மவான்பேட்டை. வேலூர்ப் பக்கம் ராணுவப்பேட்டை என்றால் சட்டென்று தெரியும். வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துக்குப் போன ஊர். அதனால் பென்ஷன் வாங்கிக்கொண்டு ராத்திரி தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆள் இங்கே அதிசயம் இல்லை. 4 வருஷமாக நானும் அப்படித்தான். கதவு அறைந்தால் சட்டை நனைந்துவிடும். "ஏங்க, வந்து படுங்க" என்று கூப்பிட்டு மனைவிக்கே அலுத்துப்போனது.

ரூபியைக் கொண்டுவந்தது என் யோசனை இல்லை. கூட வேலை பார்த்த நண்பர்தான் மீரட்டுக்கு எழுதிப் போடச் சொன்னார். ராணுவ நாய்களைப் பழக்குகிற ரீமவுண்ட் வெட்டர்னரி கோர் சென்டர் அங்கேதான். ஒரு காலத்தில் வேலைக்கு ஆகாத நாயைக் கருணைக்கொலை செய்துவிடுவார்கள். விஷயம் வெளியே வந்து, கோர்ட் வரை போய், வழக்கம் மாறியது. இப்போது தத்துக் கொடுக்கிறார்கள். 2023 செப்டம்பரில் ரஜௌரியில் தன் ஹேண்ட்லரை, அதாவது கூடவே இருந்து தன்னை நடத்துகிற சிப்பாயை, காப்பாற்றப் போய்ச் செத்த கென்ட் என்ற ராணுவ நாயின் படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. சாகாமல் ரிட்டயர் ஆனதுகளை யார் கேட்கிறார்கள்?

8 வயது லாப்ரடார். வெடிமருந்து மோப்பம். லாப்ரடார் என்றால் குழையும் என்று நம்பிவிட்டேன். இது சோற்றுத்தட்டைக் கவிழ்த்தது. சங்கிலியைத் தொட்டால் உறுமியது. தமிழில் கூப்பிட்டால் காதுகூட அசையாது. என் பட்டாளத்து இந்தியில் கூப்பிட்டால் ஒருமுறை திரும்பிப் பார்க்கும்; அப்புறம் மறுபடி வாசலையே பார்க்கும். ஹேண்ட்லர் வருவார் என்ற நினைப்பு. 2 மாதம், ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் விழித்திருந்தோம்.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது தம்பி மகன் பையோடு வந்தான். "பெரியப்பா, அத்தனையும் சிவகாசி சரக்கு!" பையைத் திண்ணையில் வைத்தான். மூலையில் கிடந்த ரூபி எழுந்தது. மூக்கு தரையை ஒட்டி வந்தது. பையை ஒரு சுற்றுச் சுற்றி, சத்தமில்லாமல் உட்கார்ந்தது. குரைக்கவில்லை. பையைத் தொடவும் இல்லை.

காஷ்மீரில் பட்டாள வண்டிகளின் கான்வாய் வருவதற்கு முன்னால், ரோட்டில் வெடி இருக்கிறதா என்று பார்க்க ரோடு ஓப்பனிங் பார்ட்டி போவோம். நாய் முன்னே, நாங்கள் பின்னே. அது நடக்கிறவரை நடக்கலாம். உட்கார்ந்துவிட்டால் மொத்த வரிசையும் நின்றுவிடும்.

"பீச்சே ஹட்!" பின்னால் போ என்று இந்தியில் கத்தினேன். பையன் அழுதுவிட்டான். மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். என் முழங்கால் கிடுகிடுவென்று ஆடுகிறது. ரூபி மட்டும் அசையவில்லை. அது பையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. கூலி கேட்கிறது. சரியாகக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும், அதற்குத் தெரிந்த சம்பளம் அதுதான்.

பையனின் டென்னிஸ் பந்தை வாங்கி உருட்டினேன். "ஷாபாஷ்" என்றேன், பாதிதான் வெளியே வந்தது. ரூபி பாய்ந்து கவ்விக்கொண்டு, வால் தூணில் பட்பட்டென்று அடிக்க, என் காலருகே வந்து நின்றாள்.

இப்போது தினமும் விடிந்ததும் திரி கிள்ளிய ஊசிவெடி ஒன்றைப் பழைய சோப்பு டப்பாவில் போட்டு, வைக்கோல்போரிலோ மாட்டுக்கொட்டகையிலோ ஒளித்துவைக்கிறேன். அவள் தேடுகிறாள். தீபாவளி ராத்திரி ஊரே வெடித்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. நான்தான் அவள் முதுகில் கையை வைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்போது சாய்ந்தேன் என்று தெரியாது. எழுந்தபோது மணி ஏழு.

தட்டை மட்டும் இன்னும் கவிழ்க்கிறாள்.