மாதக் கடைசிக்குத் தாக்குப்பிடிக்கிற பழக்கம்

கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு மாதம் இரண்டு துண்டாகத்தான் இருக்கும். ஒன்று, கணக்கு முடிக்கிற நாட்கள், எங்கள் பேச்சில் குளோசிங். இன்னொன்று, மிச்ச நாட்கள். அந்த மிச்ச நாட்களில் நாங்கள் எல்லோருமே ஒழுக்கமானவர்கள். நேரத்துக்குத் தூங்குவோம், படி ஏறுவோம், தண்ணீர் குடிப்போம், ஏதாவது ஒரு பயிற்சி வகுப்பில்கூடச் சேர்ந்துவிடுவோம். மாதக் கடைசி வந்ததும் எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிட்டு நாற்காலியோடு ஒட்டிக்கொள்வோம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊர் உலகமே "ஒண்ணாம் தேதியிலிருந்து ஆரம்பிக்கிறேன்" என்று எதையாவது தொடங்கும். எங்களுக்கு ஒண்ணாம் தேதி என்பது போன மாதக் கணக்கு கழுத்தைப் பிடிக்கிற தேதி. ஆரம்பிக்கிற நாளே அடி வாங்கும்.

இந்தத் துறையில் பல வருடம் இருந்துவிட்டு என் அன்றாடத்தை ஓரளவு மாற்றிக்கொண்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பழக்கத்தை நல்ல வாரத்துக்கு ஏற்ற மாதிரி அமைக்கக் கூடாது. வேலையின் ஆக மோசமான வாரம் எதுவோ, அதற்கு அளவெடுத்துத் தைக்க வேண்டும். அந்த வாரத்தில் நிற்பதுதான் நிற்கும்.

இதை எந்தப் பயிற்சியாளரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அலுவலகத்தில் ஒருமுறை சுயமுன்னேற்றப் பயிலரங்கு வைத்தார்கள். வந்தவர் நன்றாகப் பேசினார், கைதட்டவும் வைத்தார். "21 நாள் விடாமல் செய்யுங்கள், பழக்கமாகிவிடும்" என்றார். பக்கத்தில் இருந்தவர் என் காதில், "எந்த 21 நாள்னு கேளுங்க சார், குளோசிங் சேர்த்தா, சேர்க்காமலா?" என்றார். நல்ல கேள்விதான். மேடைவரைக்கும் போகவில்லை.

அந்த 21 எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் ஒரு புத்தகம் எழுதினார். முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று தன் அனுபவத்தைக் குறிப்பிட்டிருந்தார். "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துபோய், எண் மட்டும் பயிலரங்கு பயிலரங்காகச் சுற்றி வருகிறது. உண்மையில் அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும். 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஆய்வு 2010-ல் அச்சில் வந்தது. ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் இது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபடும் என்று கணக்கிட்டார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அதைவிட முக்கியமான இன்னொரு விஷயம் அதே ஆய்வில் இருக்கிறது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதகம் எதுவும் இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்களுக்குப் பழக்கம் படிந்துகொண்டேதான் இருந்தது.

66 நாளில் எப்படியும் இரண்டு குளோசிங் வந்துவிடும். ஆக, அந்த நாட்களை விதிவிலக்கு என்று ஒதுக்கிவைத்துத் திட்டம் போடுவதில் அர்த்தமே இல்லை.

நடையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் என்னிடம் முதலில் நிலைத்தது அதுதான். காலையில் ஒரு மணி நேரம் என்று ஒதுக்கியதெல்லாம் மாதம் ஒருமுறை முறிந்துகொண்டே இருந்தது. எங்கள் பிரிவில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு மூத்தவர் இருந்தார். யாரையும் போனில் கூப்பிட மாட்டார். வவுச்சரில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தால் அதை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறிப் போவார். "இன்டர்காம்ல சொன்னா அவங்களே வந்து போட்டுட்டுப் போவாங்களே சார்" என்றால், "அவங்க வர்றதுக்குள்ள நான் போயிட்டு வந்துருவேன் தம்பி" என்பார். உடற்பயிற்சி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. குளோசிங் சமயத்தில்தான் அவர் அதிகம் நடப்பார். அப்போதுதானே கையெழுத்துகள் அதிகம் விட்டுப்போகும்!

இதற்கு ஒரு பழைய ஆய்வுச் சாட்சியும் உண்டு. 1953-ல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, இரட்டை மாடிப் பேருந்தில் மேலும் கீழும் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே பேருந்து, ஒரே தெரு, ஒரே புகை. கண்டக்டர் யாரும் உடம்பைத் தேற்ற வேண்டும் என்று படி ஏறவில்லை, வேலை ஏற்றியது. இன்னொரு பக்கம், உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று இருந்தது. அந்த நிபந்தனையை இப்போது எடுத்துவிட்டார்கள். உதிரி நடைக்கும் வரவு வைக்கலாம்.

அதனால் நான் நடையை நேரத்தோடு கட்டாமல் வேலையோடு கட்டினேன். பிரின்டர் தூரத்தில் இருக்கிறதா, இருக்கட்டும். ரிப்போர்ட் ஓடி முடிய நாலைந்து நிமிடம் ஆகுமா, அதுவரை திரையையே பார்த்துக்கொண்டிருக்காமல் எழுந்து ஒரு சுற்று. "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது வெறும் உறுதிமொழியைவிட நன்றாக வேலை செய்யும் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் தொண்ணூறுகளிலேயே சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் பிடித்தது, குளோசிங்கில் ரிப்போர்ட்டுகள் அதிகம் ஓடும் என்பதுதான்.

தூக்கத்துக்கு வருவோம். இங்கேதான் நாங்கள் வீரம் பேசுவோம். யார் எத்தனை மணிவரை உட்கார்ந்தார்கள் என்பது மறுநாள் காலையில் பதக்கம் மாதிரி நெஞ்சில் தொங்கும்.

ஒரு மாத முடிவில் வங்கிக் கணக்கும் எங்கள் லெட்ஜரும் ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் 5,400. கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியும்: வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கேயோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். பால பாடம். நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து, விட்டுப்போன செக், இரண்டு தடவை ஏறிய பற்று, வங்கிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருந்தோம். இரவு ஏற ஏற, பார்த்த வரிகளையே திரும்பப் பார்த்தோம். யாருக்கும் ஒன்பது ஞாபகம் வரவில்லை. "சஸ்பென்ஸ்ல போட்டுட்டு எழுந்திரிங்கப்பா" என்று மேலாளர் விரட்டிவிட்டார். சஸ்பென்ஸ் என்பது, பிடிபடாத தொகையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கிற கணக்கு. மறுநாள் காலை, எங்களில் இளையவளான பெண் வந்து உட்கார்ந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "சார், 7,150-ஐ 1,750-ன்னு போட்டிருக்காங்க" என்றாள். அதே பக்கம், அதே வரி. ராத்திரி அந்த வரியின் மேல் என் ஸ்கேல் எத்தனையோ தடவை ஊர்ந்து போயிருக்கிறது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கனும் குழுவினரும் செய்து 2003-ல் வெளியிட்ட சோதனை இதை நன்றாக விளக்குகிறது. இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ மட்டும் படுக்கவிட்டவர்களின் கவனம், ஒன்றிரண்டு இரவு அடியோடு தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கிப்போனது. ஆனால் அவர்களைக் கேட்டால் அவ்வளவு தூக்கமாக வருகிறது என்று சொல்லவில்லை. சமாளித்துக்கொண்டுவிட்டதாகவே நினைத்தார்கள். தூக்கம் கெட்டால் முதலில் கெடுவது, கெட்டிருக்கிறது என்று கண்டுகொள்கிற புத்தி. "எனக்கு அஞ்சு மணி நேரம் போதும்" என்று யாராவது சொன்னால் நான் இப்போது வாதாடுவதில்லை. அவர் முடித்த ரீகன்சிலியேஷனை, அதாவது இரண்டு கணக்குகளை ஒத்துப்பார்த்த வேலையை மட்டும் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லிவிடுவேன்.

குளோசிங்கில் 7 மணி நேரம் தூங்குவேன் என்று திட்டம் போட்டால் அது காகிதத்தில்தான் இருக்கும். ஆகவே அந்த நாட்களில் நான் காப்பாற்றுவது இரண்டே விஷயம். ஒன்று, எழுகிற நேரத்தை மாற்றுவதில்லை. இரண்டு, மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி இல்லை. காபியில் இருக்கும் கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு இன்னும் அதிகம். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பெரிய கோப்பை குடித்துவிட்டு, "படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது, டென்ஷன்" என்று மாதக் கடைசி மேல் பழி போடுவது எங்கள் பிரிவில் சகஜம். டென்ஷனும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கோப்பையைக் கீழே வைப்பது சுலபம், டென்ஷனைக் கீழே வைப்பது கஷ்டம். சுலபமானதை முதலில் செய்து பார்க்கலாமே!

டென்ஷனுக்கும் ஒரு சின்ன வழி இருக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவில் பெய்லர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்கல்லின் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்தார். படுக்கும் முன் ஐந்து நிமிடம், பாதிப் பேர் இனி செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிட வேண்டும், மீதிப் பேர் செய்து முடித்தவற்றை. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. இது 2018-ல் வெளிவந்தது. நான் இதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, மேஜையிலேயே வைத்துக்கொண்டேன். சிஸ்டத்தை அணைக்கும் முன், யாருக்கு மெயில் போக வேண்டும், எந்த லெட்ஜர் பாதியில் நிற்கிறது, காலையில் முதலில் திறக்க வேண்டிய ஃபைல் எது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி கீபோர்டுக்கு அடியில் செருகிவிடுவேன். "நாளை: வங்கிக் கணக்கு" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பிரயோஜனமில்லை. "12-ம் தேதி வரவு, பக்கம் 4, பெயர் பொருந்தவில்லை" என்று எழுத வேண்டும். பின்பு வீட்டில் சாப்பிடும்போது 12-ம் தேதி வரவு மண்டைக்குள் வந்து உட்காருவதில்லை.

சுயமுன்னேற்றம் என்றால் உடம்பைப் பேணுவது மட்டும்தானா என்று கேட்கலாம். என் விஷயத்தில் வாழ்க்கையை உண்மையிலேயே புரட்டியது, எக்செல்லில் கையால் ஒப்பிட்டுக்கொண்டிருந்த வேலையைத் தானாக ஓடவிடக் கற்றுக்கொண்டதுதான். நடுமாதத்தில், வேலை இலேசாக இருக்கும் நாட்களில், அலுவலக நேரத்திலேயே கற்றுக்கொண்டேன். வீட்டுக்குப் போய் இரவு படித்து முன்னேறு என்று சொல்கிற அறிவுரையில் எனக்கு உடன்பாடு இல்லை. வேலைக்காகக் கற்பதை வேலை நேரத்தில் கற்க வேண்டும். தூக்கத்தை விற்று வாங்குகிற முன்னேற்றத்துக்கு லாப நஷ்டக் கணக்கு நேராது. ரீகன்சிலியேஷன் சுருங்கியதில் குளோசிங்கில் கிடைத்த நேரம், எந்த மன உறுதியாலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அதன் பிறகுதான் வாய் திறந்து கேட்கவும் தைரியம் வந்தது. செலவு பில்களை எல்லாப் பிரிவுகளும் கடைசி நாள் சாயங்காலம் கொண்டுவந்து கொட்டுவார்கள். இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் வரும் பில் அடுத்த மாதம்தான் பணமாகும், இந்த மாதத்துக்குத் தோராயமாக ஒரு ஒதுக்கீடு போட்டு முடித்துவிடலாம் என்று மேலாளரிடம் சொன்னேன். "மத்த டிபார்ட்மென்ட்காரங்க கத்துவாங்களே" என்றார். கத்தினார்கள். ஓரிரு மாதம் கத்திவிட்டு, பில்லை முன்னாலேயே கொண்டுவந்தார்கள்.

இதைத் தனிமனித முன்னேற்றத்தில் சேர்க்க முடியுமா என்று தெரியாது. ஆனால் சேர்க்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் ஆள் சோர்ந்து வற்றிப்போவதை, நோயாக வைக்கவில்லை. பணிச்சூழலோடு வருகிற ஒரு நிலை, சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தின் விளைவு என்றுதான் வைத்திருக்கிறது. அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட கணிப்பின்படி, வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். பிராணாயாமம் செய்து இந்த 55-ஐ 45 ஆக்க முடியாது. யாராவது போய்க் கேட்டால்தான் குறையும். எல்லா இடத்திலும் கேட்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். எனக்குக் காது கொடுக்கிற மேலாளர் வாய்த்தார். வாய்க்காதவர்களிடம் போய் "மனசு வைத்தால் முடியும்" என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

எடை பெரிதாகக் குறையவில்லை. படுக்கையில் செல்போன் பார்ப்பதும் இன்னும் ஒழியவில்லை. ரத்த அழுத்தம் மட்டும் டாக்டர் முகம் சுளிக்காத எல்லைக்குள் வந்திருக்கிறது. வருட முடிவுக் கணக்குக்கு இந்த ஏற்பாடுகள் முழுதாக எடுபடவில்லை. ஆடிட்டர்கள் வந்து உட்காரும் அந்த வாரங்களில் காபி நேரம் தள்ளிப்போகிறது, துண்டுத் தாள் இரண்டு தாளாகிறது. நடை மட்டும் தப்பிக்கிறது, அவர்கள் கேட்கிற ஃபைல்கள் எல்லாம் கீழ்த்தளத்து ரெக்கார்ட் ரூமில் இருப்பதால்.