செக்கு எண்ணெய் வீடியோவில் எதைக் காட்ட வேண்டும்?

செக்கு எண்ணெய் விற்பவர்களின் வீடியோக்கள் பலவற்றில் பின்னணி இசை இருக்கும், மரச்செக்கு சுற்றும், தராசு மட்டும் இருக்காது. வாங்குபவர் நம்புவது தராசைத்தான்.

1 லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பை எடைபோடுவது, செக்கில் கொட்டுவது, எண்ணெய் வடிவது, மிஞ்சிய புண்ணாக்கை எடைபோடுவது, இவற்றை ஒரே கேமராவில் வெட்டாமல் எடுங்கள். நீளமாகிவிட்டால் இடையில் வேகத்தைக் கூட்டலாம். காட்சியை மட்டும் வெட்டாதீர்கள், வெட்டிய இடத்தில்தான் சந்தேகம் நுழையும். செக்கின் சத்தத்தையும் அப்படியே விடுங்கள். பருப்பு விலை, ஆட்டுக்கூலி, பாட்டில் விலை மூன்றையும் சொல்லிவிட்டால், உங்கள் விலை ஏன் அதிகம் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அடியில் கசடு தங்குமென்றால் அதையும் முதலிலேயே காட்டுங்கள்.

லேபிளில் உள்ள எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தந்த 14 இலக்க உரிம எண் தெளிவாகத் தெரியட்டும். 'கொலஸ்ட்ராலைக் குறைக்கும்' என்று ஆதாரமில்லாமல் பேசவே கூடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

வேறு யூடியூபரிடம் காசு கொடுத்தோ, இலவசமாக எண்ணெய் அனுப்பியோ பேச வைத்தால், அது விளம்பரம் என்பதை வீடியோவுக்குள்ளேயே அவர் வாயாலும் எழுத்திலும் சொல்ல வேண்டும். கீழே விவரப் பகுதியில் ஒளித்து வைத்தால் போதாது.