தேர்வுக் கட்டணமும் ஆதிசேஷையாவும்

இருபத்தாறு வருடம் வகுப்பில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, "சார், மூணு மாசம் மட்டும் பாத்துக்குங்க" என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பொறுப்பைக் கொடுத்தார்கள். அந்த மூன்று மாதம் இரண்டரை வருடமாக நீண்டது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். கல்லூரிகளை இணைத்து வைத்துக்கொண்டு அவற்றின் மாணவர்களுக்குப் பரீட்சை நடத்தும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கதை ஏறக்குறைய இதுதான்.

பொறுப்பேற்ற இரண்டாவது வாரம், மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போகும்போது கவுண்டர் வரிசையில் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் நின்றார்கள். விடிகாலை பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் தப்பாக விழுந்திருக்கிறது, வேலையில் சேர இன்னும் நான்கே நாள், ஃபைல் "செக்‌ஷனுக்குப் போயிருக்கு" என்று சொல்லிச் சொல்லி இது மூன்றாவது தடவை. அப்பா கொத்தனார். மூன்று நாள் கூலி போச்சு, பஸ் கட்டணம் தனி. நாங்கள் வாங்கிய திருத்தக் கட்டணம் எங்கள் வரவு செலவில் ஒழுங்காக ஏறியிருந்தது. அவருடைய மூன்று நாள் கூலி யாருடைய கணக்கிலும் இல்லை. ஒன்றைச் செய்யப் போய் இழக்கிற வேறொன்றின் மதிப்பை வாய்ப்புச் செலவு, வாய்ப்புச் செலவு என்று எத்தனை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! திரும்பிப் போய் ஃபைலைத் தேடச் சொன்னேன், இரண்டு மேஜை தள்ளித்தான் கிடந்தது. இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. மறுநாள் அதே வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள், நான் மீட்டிங்கில் இருந்தேன்.

அந்த நாட்களில்தான், ஒரு காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷையாவைப் பற்றி அடிக்கடி யோசித்தேன். பொருளாதாரம் படித்துவிட்டுத் துணைவேந்தர் ஆனவர்கள் நம்மிடம் குறைவில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு வி.கே.ஆர்.வி. ராவ் இருந்தார். ஆனால் ஆதிசேஷையா அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்த வழி வேறு. 1910இல் பிறந்த வேலூர்க்காரர், ஊரிசு கல்லூரி, லயோலா, பிறகு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், கேம்பிரிட்ஜ். கல்கத்தாவில் கொஞ்ச காலம் கற்பித்தார், 1940இலிருந்து தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் பொருளாதாரத் துறைத் தலைவர். அங்கேயே இருந்து நல்ல பேராசிரியர் என்ற பெயரோடு ஓய்வு பெற்றிருக்கலாம். 1948இல் ஐ.நா.வின் கல்வி, பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோவுக்குப் போய், 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநராக இருந்தார். புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகள் வரிசையாக யுனெஸ்கோவில் சேர்ந்த காலம் அது. எழுத்தறிவுக்கு எவ்வளவு, தொழிற்கல்விக்கு எவ்வளவு என்று பெரிய பெரிய கணக்குகளுக்கு நடுவில் வாழ்ந்த மனிதர்.

ஊர் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், 1971இல் மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து அடையாறு காந்தி நகரில் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கியது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், எங்கள் ஆட்கள் 'மிட்ஸ்' என்பார்கள். சொந்தச் சேமிப்பையும் சொத்தையும் போட்டு ஆரம்பித்தது. பொருளாதாரம் படித்தவன் தன் பணத்தை எதில் போடுகிறான் என்று பார்த்தால் அவன் எதை நம்புகிறான் என்று தெரிந்துவிடும். நானெல்லாம் புறநகரில் ஒரு மனை வாங்கிப் போட்டவன்.

1975இல், 65 வயதில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். நாட்டில் அவசரநிலை. அடுத்த ஜனவரியில் மாநில அரசும் கலைக்கப்பட்டு ஆளுநர் ஆட்சி வந்தது. நிம்மதியாக உட்காரக்கூடிய நேரமா அது? பல்கலைக்கழகமும் இன்றைக்கு இருப்பதைவிடப் பெரியது, அப்போது பாரதியார் பல்கலைக்கழகமும் கிடையாது, பாரதிதாசன் பல்கலைக்கழகமும் கிடையாது, இரண்டுமே 1982இல்தான் வந்தன. வேலூரிலும் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் படிக்கிற பிள்ளைகளுக்குச் சேப்பாக்கத்திலிருந்து பரீட்சை. அத்தனை இனிஷியல்களையும் நினைத்துப் பாருங்கள்!

இப்படி ஒரு பெரிய பண்ணை கைக்கு வந்தால் சாதாரணமாக என்ன செய்வோம்? இன்னும் பெரிதாக்குவோம். அவர் கல்லூரிகளைப் பிரித்து விடுகிற பக்கம் நின்றார். தன்னாட்சிக் கல்லூரி என்ற யோசனை அவருடையது அல்ல, 1964-66 கோத்தாரி கல்வி ஆணையம் சொன்னது. சொல்லிப் பத்து வருடத்துக்கு மேல் அது காகிதத்தில்தான் கிடந்தது. 1978இல் லயோலா, கிறித்துவக் கல்லூரி, விவேகானந்தா, கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றன. பாடத்திட்டம் கல்லூரியுடையது, வினாத்தாள் கல்லூரியுடையது, திருத்துவதும் அவர்களே. பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தரும். அதே வருடம் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்து, பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பும் கல்லூரியை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. மேல்நிலைக் கல்வியையும் அதில் தொழிற்கல்வியையும் பரிசீலித்த தேசியக் குழுவுக்கு அப்போது தலைவர் யார் என்றால், இவரேதான்.

ஆசிரியராக இருந்தவரை இதெல்லாம் எனக்குக் கல்விச் சீர்திருத்தம், அவ்வளவுதான். தேர்வுப் பிரிவில் உட்கார்ந்த பிறகு வேறு மாதிரி தெரிந்தது. பரீட்சை என்பது வருமானம். அரசு மானியம் சம்பளத்துக்கே காணாது. தாளுக்கு இவ்வளவு என்று மாணவனிடம் வாங்குகிற தேர்வுக் கட்டணமும், மறுமதிப்பீட்டுக் கட்டணமும், கல்லூரிகள் கட்டுகிற இணைப்புக் கட்டணமும்தான் மாதாமாதம் வண்டியை ஓட்டும். அரியர் வைக்கிற பையன் எங்களுக்குத் தங்க முட்டை. கேட்க அசிங்கமாக இருக்கும், ஆனால் நிதிக்குழுக் கூட்டத்தில் நாங்கள் பேசியது கிட்டத்தட்ட அதுதான், கொஞ்சம் நல்ல வார்த்தைகளில்.

என் இரண்டாவது வருடத்தில் ஒரு நல்ல கல்லூரி தன்னாட்சிக்கு விண்ணப்பித்தது. கருத்துக் கேட்டு ஃபைல் என்னிடம் வந்தது. "மதிப்பீட்டின் நம்பகத்தன்மையை உறுதிசெய்யும் கட்டமைப்பு போதுமானதாக இல்லை, மேலும் ஆராயலாம்" என்று நோட் போட்டேன். அதில் பொய் இல்லை, உண்மையும் இல்லை. நோட் எழுதுவதற்கு முன்னால் ஒரு துண்டுத்தாளில் எங்கள் கையை விட்டு எவ்வளவு போகும் என்று, அந்தக் கல்லூரியின் மாணவர் எண்ணிக்கையைத் தாள்களால் பெருக்கிக் கட்டணத்தால் பெருக்கிப் பார்த்தேன், அதுதான் உண்மை. அந்த மாதம் ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன் பாக்கி நின்றிருந்தது. எனக்குத் தமிழ் நடத்தியவரே அந்தப் பட்டியலில் இருந்தார். யாருக்காவது கெடுதல் செய்ய நினைத்து அந்த நோட்டை நான் எழுதவில்லை. 'மேலும் ஆராயலாம்' என்று போட்டால் ஒரு ஃபைல் குறைந்தது ஒரு வருடம் தூங்கும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

ஆதிசேஷையாவால் முடிந்ததற்கு அவருடைய குணம்தான் காரணம் என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது அவருடைய கணக்கும் காரணம் என்று படுகிறது. அவருக்கு அந்த நாற்காலியிடமிருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை. பாரிஸில், யுனெஸ்கோவில், அதைவிடப் பெரிய நாற்காலியைப் பார்த்தாகிவிட்டது, காந்தி நகரில் திரும்பிப் போக ஒரு வேலை இருந்தது, 1978இல் நியமன உறுப்பினராக மாநிலங்களவைக்கும் போனார். மூன்று வருடத்தில் எழுந்து போகப்போகிறவர் விட்டுக்கொடுத்தார். பணி ஓய்வுக்கு ஐந்து வருடம் பாக்கி வைத்திருந்த நான் பிடித்துக்கொண்டேன். மாணவர்களுக்கு இதை ஊக்கத்தொகைக் கோட்பாடு என்று நடத்தியிருக்கிறேன். இடிக்கிற ஒரே விஷயம், அதே அளவு எதுவும் தேவைப்படாத எத்தனையோ பேர் அதே மாதிரி நாற்காலிகளில் உட்கார்ந்து ஒன்றையும் விடாமல் எழுந்து போயிருக்கிறார்கள். அதனால் குணம் என்ற கட்டத்தை முழுதாக அடித்துவிட முடியவில்லை.

நான் பொறுப்பை விட்ட பிறகு அந்தக் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்துவிட்டது. என் நோட்டை யாரோ ஒருவர் ஒரே வரியில் தள்ளிவிட்டு எழுதியிருந்தாராம். போன வருடம் பென்ஷன் விஷயமாகப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். அதே கவுண்டர், வரிசை பாதியாகியிருந்தது. என் ஃபைல் எங்கே என்று கேட்டேன். "செக்‌ஷனுக்குப் போயிருக்கு சார்" என்றார்கள்.