விளக்கும் பனையும்

டிசம்பர் 17

பாம்பன் வடக்கு. படகில் நானும் வீட்டுக்காரரும். தூக்குப் பாலம் திறக்கக் காத்து நங்கூரம் போட்டு இரண்டு நாள். வாடைக் காற்று.

டிசம்பர் 18

ராத்திரி முழுக்கப் பனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் ஒற்றைப் பனை ஒன்று நிற்கிறது. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் இரண்டுக்கும் நடுவே என் கட்டைவிரல் அகலம் இடைவெளி. படகு ஆடும்போது அது கூடும், குறையும். ஆனால் பழையபடி திரும்ப வர வேண்டும். வராவிட்டால் நங்கூரம் இழுபடுகிறது என்று அர்த்தம், என்னை எழுப்பு என்றார் இவர். சொல்லிவிட்டு ஐந்து நிமிஷத்தில் குறட்டை. இருட்டில் பனை தெரிவதில்லை. அதன் அடியில் யார் வீட்டிலோ வாசல் விளக்கு விடிய விடிய எரிகிறது. அதை அணைக்காத மனுஷருக்குப் புண்ணியம்.

நங்கூரம் இழுபட்டால் வாடை எங்களைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தும் இடம் ரயில் பாலம். அதை அவர் சொல்லவில்லை. எனக்கே தெரிகிறது.

டிசம்பர் 19

அமாவாசை. விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போக இன்றும் டோக்கன் இல்லையாம். எல்லாம் எங்களைச் சுற்றி வரிசையாக நின்று முட்டிக்கொள்கின்றன. ஒரு தம்பி தெர்மாகோல் மிதவையில் உட்கார்ந்து, கையில் இருந்த பலகைத் துண்டால் துழாவிக்கொண்டே வந்து இரண்டு கேன் தண்ணீர் கொடுத்தார். அந்த வெள்ளைத் துண்டில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அவருக்கு எங்கள் படகைப் பார்த்துப் பாவமாக இருக்கிறது. "இதுலயாம்மா குடியிருக்கீங்க?"

இவர் கேனை இடக்கையால் தூக்கினார். வலக்கைக்காரர்.

டிசம்பர் 20

சண்டை.

எங்கள் பாய்மரம் 38 அடி. தூக்குப் பாலம் இறங்கியிருக்கும்போது அடியில் நுழைய முடியாது, தூக்கினால்தான் வழி. பெரிய படகுகள் சேர வேண்டும், காற்று தணிய வேண்டும், அனுமதி வர வேண்டும். அதுவரை இங்கேயே கிடக்க வேண்டியதுதான். தண்ணீர்த் தம்பிதான் சொன்னார்: "மரத்த இறக்கிப் படுக்கப் போட்டுட்டா பாலத்துக்கடில போயிரலாம் ஐயா. நாங்க நாலு பேரு வர்றோம்." எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இவர் மரத்தை இறக்கவே கூடாது என்கிறார். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஒரு முகம். முப்பது வருஷமாகப் பார்க்கிற முகம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசமும் சுட்ட அப்பளமும். பேசாமல் சாப்பிட்டோம்.

டிசம்பர் 21

ரயில் வந்தது. நல்லது. காற்று கூடினால் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள், மண்டபத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் ரயில்தான் எனக்கு வானிலை அறிக்கை. ஊர்ந்து போனாலும் போனால் சரி.

டிசம்பர் 22

சாயங்காலம் ரயில் வரவில்லை.

பத்து மணிக்குமேல் கரையில் கரண்ட் போய்விட்டது. கலங்கரை விளக்கம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பனையடி வெளிச்சம் இல்லை. ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு எதை அளப்பது? படகின் முன்முனைக்கு, அணியத்துக்குத் தவழ்ந்து போய் நங்கூரக் கயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். பிடித்திருக்கும்போது கயிறு விம்மி, தளர்ந்து, மறுபடி விம்மும். இழுபட்டால் தரையில் எதையோ தறதறவென்று இழுத்துப்போவது கையில் தெரியும் என்று இவர் முன்பு சொல்லியிருக்கிறார். விம்மியது. தளர்ந்தது. எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. உள்ளங்கை உப்பில் ஊறிச் சுருங்கிவிட்டது.

நடுவில் இவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னிக்கு என்ன தேதி தெரியுமா" என்றார். தெரியும். 1964-இல் இதே ராத்திரிதான் புயலில் தனுஷ்கோடி போனது, பாம்பனில் இருந்து போன பாசஞ்சர் ரயிலோடு. இந்த நேரத்தில் இதைச் சொல்லத்தான் எழுந்து வந்தாரா என்று கோபம் வந்தது. அப்புறம் பார்த்தால் என் தோளில் போர்வை.

டிசம்பர் 23

தூங்கினேன்.

டிசம்பர் 25

நள்ளிரவுக்கு மணிச் சத்தமும் பாட்டும் தண்ணீர் மேல் வந்தன. காலையில் தம்பி வீட்டில் இருந்து கேக், கூடவே நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம். இரண்டும் ஒரே பையில். கேக்கில் கருவாட்டு வாசனை. தின்றோம்.

டிசம்பர் 27

மாத்திரை ஒன்பது இருக்கிறது. நேற்றுப் பத்து இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு போட வேண்டும். கேட்டால் "போட்டேனே" என்கிறார்.

டிசம்பர் 29

கரைக்குப் போனேன். பைபர் படகில்தான், தெர்மாகோலில் இல்லை. காய்கறி, மண்ணெண்ணெய், மாத்திரை. மாத்திரை மட்டும் இங்குள்ள கடையில் இல்லை, ராமநாதபுரம் போக வேண்டுமாம்.

அப்படியே சாலைப் பாலத்தின் மேல் ஏறி நடந்தேன். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. வடக்கே பார்த்தால் எங்கள் கடல்: கலங்கி, பழுப்பாக, நுரை நுரையாக உடைந்துகொண்டு. சாலையைக் கடந்து தெற்குக் கைப்பிடிக்கு வந்தால் குளம். பச்சைக் கண்ணாடி மாதிரி. குருசடைத் தீவுப் பக்கம் ஓர் அலை இல்லை. தெற்குவாடிப் படகுகள் வெயிலில் அசையாமல் நிற்கின்றன. நடுவில் இருப்பது இந்தச் சாலையின் அகலம்தான்! வடகடலும் தென்கடலும் மாறி மாறித்தான் கொந்தளிக்கும், வாடைக்குத் தென்கடல் அடங்கும், ஆடியில் வடகடல் அடங்கும் என்று டீக்கடை அக்கா சொன்னார். "நீங்க தப்பான பக்கத்துல நிக்கிறீங்க."

திரும்பி வடக்கே வந்து எங்கள் படகைத் தேடினேன். விசைப்படகுகளுக்கு நடுவில் ஈர்க்குச்சி மாதிரி ஒரு மரம். அதன் அடியில் இவர் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையால். சுற்றிவிட்டு, நின்று, வலத்தோளைப் பிடித்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

மரத்தை இறக்க ஆள் நாலு பேர் வந்தாலும் அடிமரத்தைத் தாங்குவது படகுக்காரர்தான்.

மரத்தைப் பற்றி இனி நான் பேசப்போவதில்லை.

ஜனவரி 1

மழை.

ஜனவரி 3

பௌர்ணமி. திருவாதிரை. உத்தரகோசமங்கை மரகத நடராஜரைச் சந்தனக் காப்பு இல்லாமல் பார்க்கக் கிடைப்பது இந்தத் திருவாதிரையை ஒட்டித்தான். எட்டிப் போகிற தூரத்தில் இருந்துகொண்டு போகவில்லை. போயிருந்தால் பனையை யார் பார்ப்பது?

இன்றைக்கு நிலவில் பனையே தெரிகிறது. கட்டைவிரல் அகலம், அப்படியே.

ஜனவரி 5

ரயில் வந்தது, போனது, இன்னொன்றும் வந்தது. அனுமதியும் வந்துவிட்டது. நாளைக் காலை தூக்குகிறார்கள்.

ஜனவரி 6

வழிகாட்ட பாம்பன்காரர் ஒருவர் ஏறி அணியத்தில் நின்றார். இவர் இன்ஜின் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "நீ பிடி" என்று சுக்கானை என்னிடம் தள்ளினார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

72 மீட்டர் நீள இரும்பு அப்படியே மட்டமாக மேலே போகிறது. சத்தம் அவ்வளவாக இல்லை. வரிசையில் எங்களுக்கு முன்னால் பெரிய படகுகள். வாடைக் காலத்தில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். பின்னால் இருந்து தள்ளுகிற தண்ணீரில் சுக்கான் கேட்காது, இன்ஜினைக் கூட்டினால்தான் கேட்கும். தூண்களுக்கு நடுவே போகிறபோது வேகத்தைக் கூட்டுவதா! பாம்பன்காரர் திரும்பாமலே கத்தினார்: "இடம்... இடம்... நேர். நேர்னா நேர்மா!" தலைக்கு மேல் நிழல் வந்தது. மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்க்கவில்லை.

நிழல் போனது. வெயில்.

மதியம் தெற்குவாடிக்கு அப்பால் நங்கூரம் போட்டோம். கயிற்றை நான்தான் விட்டேன்.

ஜனவரி 7

இரண்டு மணிக்கு எழுந்து பனையைத் தேடினேன். தண்ணீர் அசையவே இல்லை. இவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஜனவரி 8

மாத்திரை தீர்ந்துவிட்டது. எட்டரை பஸ்ஸுக்கு ராமநாதபுரம், இரண்டு பேரும்தான். படகைத் தம்பி பார்த்துக்கொள்கிறேன் என்றார். எக்ஸ்ரேயும் எடுத்துவிடலாம் என்று நான் சொன்னதற்கு இவர் ஒன்றும்