உடைவது எங்கே?

கொழும்பில் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜிலிருந்து டியூபை எடுத்ததும், மேலே நிற்கும் பிளாஸ்மா என்ற திரவத்தின் நிறத்தில்தான் கண் போகும். வெளிர் மஞ்சள் என்றால் சரி. சிவப்பு கலந்திருந்தால், இரத்தம் எடுக்கும்போது செங்குழியங்கள் உடைந்துவிட்டன என்று வேறு சாம்பிள் கேட்போம். செங்குழியம் அரிவாள் போல வளைந்து எளிதில் உடையும் பரம்பரை நோய், அரிவாள் செல் நோய். அந்த நோயாளி என்றால் அதோடு விடக்கூடாது. பதமாக எடுத்த இரண்டாவது சாம்பிளும் சிவந்திருந்தால், உடைவு உடம்புக்குள்ளேயே நடக்கிறது.

ஹீமோகுளோபின் சரிவர உண்டாகாத இன்னொரு பரம்பரை நோயான தலசீமியா அளவுக்கு இலங்கையில் இந்த நோய் இல்லை. இரண்டின் மரபணுவும் ஆளுக்கொன்றாகப் பெற்றோரிடமிருந்து சேர்ந்து வந்த பிள்ளைகளும் உண்டு. அப்படி ஒரு பையனைக் கூட்டிவந்த தாய் கேட்டார்: "மிஸ், பீட்ரூட்டும் கீரையும் குடுத்துக்கொண்டுதான் இருக்கிறன். ஏன் ரத்தம் ஏறுதில்லை? கால் புண்ணும் ஆறுதில்லையே." பையனின் கணுக்காலில் கட்டு, கண் மஞ்சள்.

அம்மா தனித்தனியாகக் கேட்டாலும் காரணம் ஒன்றுதான். 120 நாள் வாழவேண்டிய செங்குழியம் இந்த நோயில் 10, 20 நாளிலேயே உடைகிறது. எலும்பு மச்சை ஓயாமல் புதிதாக உண்டாக்கினாலும் ஈடுகட்ட முடிவதில்லை. உடைந்து கொட்டும் ஹீமோகுளோபின் இன்னொரு கெடுதலும் செய்கிறது. இரத்தக்குழாயைத் தளர்த்தி வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்ஸைடை அது உறிஞ்சிவிடுகிறது. கூடவே வெளியேறும் ஆர்ஜினேஸ் என்ற நொதி, நைட்ரிக் ஆக்ஸைடு உண்டாகத் தேவையான ஆர்ஜினினையும் தின்றுவிடுகிறது. குழாய் இறுகுகிறது. கணுக்கால் புண்ணுக்கும், நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறுவதற்கும் இந்த உடைவோடு தொடர்பு உண்டு. ஹீமோகுளோபின் சிதைந்து மிஞ்சும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள்தான் கண்ணை மஞ்சளாக்குகிறது. சின்ன வயதிலேயே பித்தப்பையில் கல்லாகவும் சேரும்.

ஆகவே ஹீமோகுளோபின் அளவை மட்டும் பார்த்து "போனமுறை மாதிரித்தான்" என்று ஃபைலை மூடுவது எனக்கு ஒப்பாது. செல் உடைந்தால் இரத்தத்தில் ஏறும் எல்டிஹெச் என்ற நொதி, பிலிருபின், மச்சை புதிதாக அனுப்பும் இளம் செங்குழியமான ரெட்டிகுலோசைட் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இரும்பு மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்றும் அந்தத் தாயிடம் சொன்னேன். இரத்தம் ஏற்றும் பிள்ளைகளுக்கு இரும்பு ஏற்கெனவே உடம்பில் தேங்கும். மச்சைக்கு வேண்டியது ஃபோலிக் அமிலம், அதை டாக்டர் எழுதியிருந்தார்.

நான் அதிகம் பயப்படுவது ரெட்டிகுலோசைட் திடீரென்று விழுவதற்குத்தான். பார்வோ வைரஸ் பி19 தொற்றினால் மச்சை சில நாள் வேலையை நிறுத்திவிடும். உடைவு மட்டும் நிற்காது. ஹீமோகுளோபின் மளமளவென்று இறங்கும். ரெட்டிகுலோசைட் அப்படி விழுந்திருந்தால் ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திருக்காமல் வார்டுக்கு போன் எடுக்கிறோம்.